அடைத்த ஓட்டையை முதலில் திறங்கள்: ஒழுகும் மினி டிராக்டர் பற்றி ஒரு கடிதம்

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. வயது 34. ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து அப்பாவோடு இரண்டரை ஏக்கரைப் பார்த்துக்கொள்கிறார். கழனியில் நெல், கொல்லையில் இலவம்பாடி முள்ளுக் கத்திரி, ஓரமாகக் கொஞ்சம் தென்னை. அப்பா 2016-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 18 குதிரைத்திறன் மினி டிராக்டர் ஒன்று இருக்கிறது, 2007 மாடல். இவர்கள் வேலையும் அதில்தான், அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் கூலிக்கு ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) ஓட்டுவதும் அதில்தான்.

ஆறு மாதமாகக் கியர்பாக்ஸ் ஆயில் குறைகிறது. பத்து நாளைக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் ஊற்றுகிறார். கொட்டகையில் வண்டியின் நடுவயிற்றுக்கு நேர் கீழே சொட்டுகிறது. முதலில் வந்த மெக்கானிக் போல்ட்டுகளை முறுக்கிவிட்டு, கிளட்ச் ஹவுசிங்குக்கு (கிளட்சை மூடியிருக்கும் இரும்புக் கூடு) அடியில் ஆயில் சொட்டிய ஓட்டையில் ஒரு போல்ட்டைச் செருகிச் சுற்றிலும் எம்-சீல் பசை வைத்து அடைத்துவிட்டு 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் சொட்டு இல்லை. அப்புறம் ரோட்டவேட்டரை இறக்கினால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை, கருகின வாசனை வருகிறது. இரண்டாவது மெக்கானிக் பார்த்துவிட்டு "கியர்பாக்ஸ் போச்சு, வண்டியை ரெண்டா பிரிக்கணும், 38,000 ஆகும்" என்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் 140 கிரேடு ஆயில் ஊற்றி ஓட்டு, கெட்டியாக இருந்தால் ஒழுகாது என்கிறார். அப்பா சித்தூரிலிருந்து வந்த புரோக்கரிடம் 1,10,000-க்குத் தள்ளிவிடலாம் என்கிறார். தம்பி கேட்பது நான்கு: கியர்பாக்ஸ் நிஜமாகவே போய்விட்டதா, கெட்டி ஆயில் ஊற்றலாமா, முதல் மெக்கானிக்கிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க வழி உண்டா, விற்பதா வைத்துக்கொள்வதா.

சரி தம்பி. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் பெரிதாக எழுதியதைவிட, போகிற போக்கில் எழுதிய நாலைந்து வரிகள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. "சந்தேகத்துக்குக் கொஞ்சம் சேர்த்தே ஊற்றுவேன், கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை நிற்கும்" என்கிறீர்கள். "கொட்டகையில் முன்பக்கம் கொஞ்சம் தாழ்வு" என்கிறீர்கள். "சேடை (நடவுக்குத் தண்ணீர் கட்டி உழுவது) ஓட்டின பிறகு ஆயில் வெளுத்த மாதிரி இருந்தது" என்கிறீர்கள். கடைசியில், வேறு விஷயம் போல, "இடது பெரிய சக்கரத்தின் உள்பக்கம் மண் பிசுபிசு என்று ஒட்டுகிறது, இடது பிரேக்கும் பிடிப்பதில்லை, லைனிங் மாற்ற வேண்டும்" என்று முடித்திருக்கிறீர்கள். இதெல்லாம் வேறு வேறு விஷயமில்லை.

அந்த ஓட்டை ஏன் இருக்கிறது

கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டை, வண்டியில் எங்கேயோ உடைந்து உண்டானது இல்லை. செய்த கம்பெனியே வேண்டும் என்று வைத்தது. பல வண்டிகளில் அதில் ஒரு ஸ்பிலிட் பின் தொளதொளவென்று தொங்கும். வண்டி குலுங்கும்போது அதுவும் ஆடிக்கொண்டே இருந்து, மண்ணும் சேறும் ஓட்டையை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். கிளட்ச் இருக்கும் அறை காய்ந்தே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இன்ஜின், பின்னால் கியர்பாக்ஸ். இரண்டிலும் ஆயில், நடுவில் உலர்ந்த அறை. முன்பக்கம் இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீல் (தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்தாலும், பின்பக்கம் கியர்பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்ட்டின் சீல் தேய்ந்தாலும் ஆயில் இந்த அறைக்குள்தான் வரும். வந்த ஆயில் கிளட்ச் பிளேட்டில் படாமல் கீழே போய்விட ஒரு வழி வேண்டும், அதுதான் அந்த ஓட்டை.

அதை அடைத்தால் என்ன ஆகும்? ஒழுகல் நிற்காது, சொட்டுவது மட்டும்தான் நிற்கும். ஆயில் உள்ளேயே தேங்கி, கிளட்ச்சோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரம் அதை வாரி இறைத்து, கிளட்ச் பிளேட் குளித்துவிடும். உங்களுக்கு ஒரு மாதம் சொட்டு நின்றதும், அப்புறம் கிளட்ச் வழுக்க ஆரம்பித்ததும், கருகின வாசனை வந்ததும் இந்தக் கணக்குதான். கியர்பாக்ஸ் போனதற்கு இது அடையாளம் இல்லை. கியர் போகும்போது நறநறக்கிறதா, போட்ட கியர் தானாக வெளியே வருகிறதா, ஒரு கியரில் மட்டும் ஊளைச் சத்தம் கேட்கிறதா? இதில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் கியர்பாக்ஸின் பல்சக்கரங்களைச் சந்தேகப்பட எனக்கு இப்போதைக்குக் காரணம் இல்லை. ஆயில் மாற்றும்போது டிரெயின் பிளக்கைத் துடைக்காமல் கையில் எடுத்துப் பாருங்கள். நுனியில் சாம்பல் நிறத்தில் மைபோல மழமழவென்று ஒட்டியிருந்தால் அது எல்லா பழைய வண்டியிலும் இருப்பது. விரலில் குத்துகிற மாதிரி சிம்பு, துண்டு இருந்தால் மட்டும் கவலைப்படலாம்.

எனவே முதல் வேலை: வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, அடியில் ஒரு வெள்ளை பேசினை வைத்து அந்த எம்-சீலைத் தட்டி எடுங்கள். தட்டுவதற்கு முன்னால் போனில் இரண்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். கொட்டுவது எந்த ஆயில் என்று பாருங்கள். இன்ஜின் ஆயில் என்றால் கருகருவென்று இருக்கும், கையில் மை ஒட்டும், புகை வாசனை அடிக்கும். கியர் ஆயில் தேன் நிறத்திலோ பழுப்பாகவோ இருக்கும், 90 கிரேடு ஆயில் என்றால் கந்தக வாசனை தூக்கலாக இருக்கும், ஒரு தடவை மோந்தால் மறக்காது. கிளட்ச் தூசி கலந்து இரண்டுமே கருத்துத் தெரியலாம், அதனால் இன்ஜின் டிப் ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு, கியர்பாக்ஸ் டிப் ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு, பேசினிலிருந்து ஒரு சொட்டு, மூன்றையும் ஒரு வெள்ளைத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் விட்டு ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். பரவுகிற விதத்திலேயே எது எதற்கு உறவு என்று தெரிந்துவிடும்.

சொட்டும் இடமும் ஒழுகும் இடமும்

இதை நான் ரொம்ப லேட்டாகத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்கு வந்த புதிதில் குடியாத்தம் பக்கத்துக் கரும்புக்காரர் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். நடுவயிற்றில் சொட்டு. பார்த்ததும் சீல்தான் என்று முடிவு கட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து வண்டியைப் பிரித்து, சீல் மாற்றி, பூட்டி அனுப்பினேன். நாலாம் நாள் அதே சொட்டோடு வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை, வண்டியை விட்டு இறங்கிக் கீழே கையைக் காட்டினார், அவ்வளவுதான். கடைசியில் பார்த்தால் மேலே கியர் லீவருக்குக் கீழே உள்ள மூடியின் பேக்கிங் கிழிந்திருந்தது. அங்கிருந்து கசிந்த ஆயில் ஹவுசிங்கின் முதுகு வழியாக வழிந்து வயிற்றுக்கு வந்து சொட்டியிருக்கிறது. 20 ரூபாய் பேக்கிங்குக்காக ஒரு வண்டியைப் பிரித்த ஆள் நான்.

உங்கள் வண்டியில் ஹவுசிங் ஓட்டையிலேயே ஆயில் வந்திருப்பதால் உள்ளே ஒரு சீல் போயிருப்பது கிட்டத்தட்ட நிச்சயம். ஆனாலும் பத்து நாளில் ஒன்றரை லிட்டர் என்பது அந்த ஓட்டை மட்டும் குடிக்கிற அளவா என்று எனக்குச் சந்தேகம். அதனால் பிரிப்பதற்கு முன்னால் ஒரு நாள் செலவழித்து இதைச் செய்யுங்கள். மண்ணெண்ணெய் கிடைத்தால் மண்ணெண்ணெய், இல்லாவிட்டால் டீசல், ஒரு பழைய பிரஷ். கியர் லீவர் மூடியிலிருந்து ஹைட்ராலிக் லிஃப்ட்டின் மூடி, பி.டி.ஓ. ஷாஃப்ட் (ரோட்டவேட்டரைச் சுற்றவைக்கும் பின்பக்கத் தண்டு) வெளிவரும் இடம், இரண்டு பக்கம் ஆக்சில், டிரெயின் பிளக் என்று ஒரு இடம் விடாமல் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். பிரஷர் வாட்டர் அடிக்க வேண்டாம், அந்த வேகத்தில் தண்ணீர் சீலுக்குள்ளேயே போகும். நன்றாகக் காய்ந்ததும் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் துணியில் கட்டி, எல்லா இணைப்பு மேலும் தட்டுங்கள். கோலமாவு கையருகில் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், கல்மாவு சீல் ஓரத்தில் உட்கார்ந்தால் அதுவே அரம். பிறகு அரை மணி நேரம் வேலை வாங்கி, ஆயில் நன்றாகச் சூடானதும் நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஒழுகும் இடம். இன்ஜின் ஓடும்போதும், பி.டி.ஓ. சுற்றும்போதும் அடியில் புகுந்து பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம், எத்தனை அவசரம் என்றாலும்.

ராத்திரிக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டியை விரித்து வண்டிக்கு அடியில் போட்டு, நாலு சக்கரம் இருக்கும் இடத்தையும் ஸ்கெட்ச் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் எத்தனை சொட்டு, எங்கே என்று ஒரு வரைபடமே கிடைக்கும். இரண்டாம் ராத்திரி வண்டியைத் திருப்பி, மூக்கு மேட்டுப்பக்கம் இருக்கிற மாதிரி நிறுத்துங்கள். இன்புட் ஷாஃப்ட் சீல் பெரும்பாலான வண்டிகளில் ஆயில் மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கொஞ்சம் மேலேயோதான் இருக்கும். முன்பக்கம் தாழ்வாக நிறுத்தினால், அதுவும் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஊற்றி நிறுத்தினால், ஆயில் முன்னால் சரிந்து ராத்திரி முழுக்க அந்த சீலை நனைத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் சேர்த்து ஊற்றும் ஆயிலில் ஒரு பங்கு அப்படித்தான் வெளியே போகிறது என்று நினைக்கிறேன். மூக்கைத் திருப்பியதும் நடுச்சொட்டு பாதியாகக் குறைந்தால் என் ஊகம் சரி.

அளவு பார்ப்பதிலும் ஒரு விஷயம். சமதளம், இன்ஜின் நிறுத்தம், லிஃப்ட் கைகள் முழுக்கக் கீழே. கியர்பாக்ஸும் ஹைட்ராலிக்கும் ஒரே ஆயிலில் ஓடும் வண்டியில் லிஃப்ட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு டிப் ஸ்டிக்கை உருவினால், சிலிண்டருக்குள் போன ஆயில் அளவில் வராது. குறைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றுவீர்கள். லிஃப்ட் இறங்கியதும் அதிகமாகிவிடும்.

கையோடு பிரீதரையும் பாருங்கள். கியர்பாக்ஸின் மேலே, சில வண்டிகளில் ஆயில் ஊற்றும் மூடியிலேயே, காற்று போய்வர ஒரு சின்ன வழி இருக்கும். வேலை செய்யும்போது உள்ளே சூடேறிக் காற்று விரியும், அதற்கு வெளியேற வழி வேண்டும். இத்தனை வருட மண்ணும் கிரீஸும் சேர்ந்து அதை அடைத்திருந்தால், காற்று பலவீனமான சீல் எதுவோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு போகும். வேலூர் வெயிலில், அக்னி நட்சத்திரத்தில் ரோட்டவேட்டர் ஓட்டினால் கேட்கவே வேண்டாம். கழற்றி டீசலில் ஊறப்போட்டு, ஊதிப் பார்த்து மாட்டுங்கள். ஒரு பைசா செலவில்லை. புது சீல் போட்டு ஆறு மாதத்தில் மறுபடி ஒழுகுகிறது என்று வரும் வண்டிகளில் நான் முதலில் கை வைப்பது இதில்தான்.

இன்னொன்று, வெளியே ஒரு சொட்டும் விழாமல் ஆயில் காணாமல் போவதும் உண்டு. சில மினி டிராக்டர்களில் ஹைட்ராலிக் பம்ப் இன்ஜினோடு பொருத்தியிருக்கும். அந்த பம்ப்பின் ஷாஃப்ட் சீல் போனால் கியர்பாக்ஸ் ஆயில் நேராக இன்ஜின் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் போகும். கியர்பாக்ஸ் குறையும், இன்ஜின் ஆயில் ஏறும். "இன்ஜின் ஆயில் குறையவே இல்லை" என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள், அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஏறியிருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது.

ஆயில் வெளுத்தது தண்ணீரால். சேடை ஓட்டும்போது ஆக்சில் சீல் வழியாகவோ, கிழிந்த கியர் லீவர் ரப்பர் வழியாகவோ போயிருக்கும். ஒரு தகரத்தை வெளியே வைத்துச் சூடாக்கி (அம்மாவின் தோசைக்கல்லைத் தொட வேண்டாம்) தள்ளி நின்று ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கடுகு வெடிப்பதுபோலப் படபடத்தால் தண்ணீர். அந்த ஆயிலை மாற்றத்தான் வேண்டும், பேரிங்குகள் துருப்பிடித்துவிடும். வடித்த ஆயிலைக் கிணற்று மேட்டில் ஊற்றிவிடாதீர்கள், பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுங்கள். நம் பக்கத்து நிலத்தடித் தண்ணீர் ஏற்கெனவே படாதபாடு படுகிறது.

இடது சக்கரம்தான் அவசரம்

நீங்கள் நடுச்சொட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குப் பயம் இடது சக்கரத்தில். உள்பக்கம் பிசுபிசுப்பு என்றால் இடது ஆக்சில் சீல் கசிகிறது. உங்கள் வண்டியில் லைனிங் வைத்த உலர் பிரேக். கசியும் ஆயில் லைனிங்கை நனைத்ததால்தான் இடது பிரேக் பிடிக்கவில்லை. லைனிங்கை மட்டும் மாற்றினால் புது லைனிங்கும் ஒரு வாரத்தில் ஊறிவிடும்.

பிரேக் ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் பிடிக்காவிட்டால், இரண்டு பெடலையும் சேர்த்து மிதிக்கும்போது வண்டி வலப்பக்கம் இழுக்கும். கொல்லையில் சமாளித்துவிடலாம். ஒடுகத்தூர் பக்கம் இறக்கத்தில் டிரெய்லர் மாட்டி இறங்கும்போது, அல்லது பள்ளிகொண்டாவில் ஹைவேயைத் தாண்டும்போது சமாளிக்க முடியாது. இது சரியாகும்வரை டிரெய்லர் வேண்டாம், ரோட்டில் ஏறவே வேண்டாம். கூலி வேலைக்கு ஒத்துக்கொண்டிருந்தால் சொல்லிவிடுங்கள். உங்கள் வேலை நிற்கக்கூடாது என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்கு உழவன் செயலியில் பதிவு செய்யலாம்.

நல்ல விஷயம், ஆக்சில் சீலுக்கு வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கச் சக்கரத்தையும் ஆக்சில் ஹவுசிங்கையும் கழற்றினால் போதும். கழற்றியதும் ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங்கும் போயிருக்கிறது, பேரிங்கை விட்டுவிட்டு சீல் மட்டும் மாற்றுவது வீண். அடுத்து சீலின் உதடு, அதாவது ஷாஃப்ட்டைத் தொடும் ரப்பர் ஓரம், உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டை நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் மாட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது, எத்தனை நல்ல சீல் போட்டாலும் அதில் நிற்காது. லேத்தில் கொடுத்து ஸ்லீவ் ஏற்றலாம், அல்லது இடம் இருந்தால் புது சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்து, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்யலாம். இந்த இரண்டாவது வழி செலவில்லாதது, பல மெக்கானிக்குகளுக்குத் தெரியும், நேரமில்லை என்று செய்யமாட்டார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

140 ஆயில்

வேண்டாம். உங்கள் வண்டியில் ஹைட்ராலிக்கும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது என்றால், அந்தக் கெட்டி ஆயிலைப் பம்ப்பால் உறிஞ்ச முடியாது. காலையில் லிஃப்ட் முக்கும், பம்ப் கத்தும், கொஞ்ச நாளில் பம்ப்பும் போகும். தேய்ந்த சீலுக்கு அது மருந்தும் இல்லை. அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் அந்த ஆயிலும் இளகி அதே வழியில் வெளியே வரும். வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதுதான். புத்தகம் இல்லை என்றால் அந்த கம்பெனி ஸ்பேர்ஸ் கடையில் மாடலைச் சொன்னால் சொல்வார்கள். இதுவரை யார் யார் என்னென்ன ஊற்றினார்கள் என்று தெரியாத நிலையில் முழுக்க வடித்து, ஃபில்டரையும் மாற்றி அல்லது கழுவி, புதிதாக நிரப்புவதே நல்லது. ஆனால் இதைச் சீல் வேலைக்குப் பிறகு செய்யுங்கள், ஒழுகும் வண்டியில் புது ஆயில் ஊற்றி வீணாக்க வேண்டாம்.

பிரிக்கத்தான் வேண்டும், ஆனால் 38,000 எதற்கு

இரண்டாவது மெக்கானிக் சொன்னதில் பாதி சரி. நடுச்சீல் எதுவானாலும், கிராங்க் பக்கமோ இன்புட் பக்கமோ, இன்ஜினையும் கிளட்ச் ஹவுசிங்கையும் பிரித்தால்தான் கை எட்டும். கிளட்ச் பிளேட்டும் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். ஆயில் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்துப் போடுவார்கள், சூடேறியதும் உள்ளே ஊறிய ஆயில் மறுபடி மேலே வரும். இந்தச் சிக்கனம் வேண்டாம். ஆனால் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. எனவே அவரிடம் சண்டை போடாமல் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்: கூலி எவ்வளவு, எந்தெந்தச் சாமான், ஒவ்வொன்றும் என்ன விலை. "கியர்பாக்ஸ் வேலை" என்று மொத்தமாக ஒரு வரி இருந்தால், எந்தப் பல்சக்கரம், எந்த பேரிங் என்று கேளுங்கள். பதில் இருந்தால் அவர் என்னைவிட அதிகம் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். வண்டியை நான் தொட்டுப் பார்க்கவில்லை, அவர் தொட்டிருக்கிறார்.

பிரிப்பது என்று ஆனபிறகு இரண்டு சீலையும் மாற்றிவிடுங்கள், எது ஒழுகியது என்ற ஆராய்ச்சி வேண்டாம். சீலின் விலை சில நூறு, பிரிக்கும் கூலிதான் கனம், அதை இரண்டு தடவை கொடுக்காதீர்கள். ரிலீஸ் பேரிங்கையும், ஃப்ளைவீல் நடுவில் உள்ள சின்ன பைலட் பேரிங்கையும் கையோடு பார்த்துவிடச் சொல்லுங்கள். பழைய சீலின் முகத்தில் மூன்று எண்கள் பொறித்திருக்கும், உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். அதே அளவில் வாங்குங்கள். மாட்டும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயில் பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் வரிப்பல் மேல் டேப் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவி மெதுவாகத் தள்ள வேண்டும். டேப் சுற்றாமல் தள்ளினால் அந்தப் பல்லிலேயே உதடு கிழியும், புது சீல் முதல் நாளே ஒழுகும்.

வீட்டிலேயே அப்பாவும் நீங்களும் பிரித்துப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை எழுதியிருக்கிறீர்கள். ஆர்வம் புரிகிறது, ஆனால் முதல் தடவை தனியாக வேண்டாம். முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஆடுவது. பிரித்த உடனே இன்ஜின் பாதி ஒரு பக்கம் கவிழப் பார்க்கும், இரண்டு பக்கமும் மரக்கட்டை ஆப்பு அடித்துவிட்டுத்தான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். பின் பாதிக்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பாரம் தாங்குகிற மாதிரி நின்றுவிட்டு ஒரே நொடியில் தூளாகும். கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் மெக்கானிக்குக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் ஆளாக நில்லுங்கள்.

முதல் மெக்கானிக்கும் 4,500 ரூபாயும்

சட்டம் என் துறை இல்லை, ஆனால் இந்த மாதிரி தகராறுகளில் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். "விவசாயத்துக்கு வாங்கினது, கூலிக்கும் ஓட்டுகிறோம், அதனால் நாங்கள் நுகர்வோர் ஆக முடியாது" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது. காசு வாங்கிக்கொண்டு தப்பாக வேலை செய்தது சேவைக் குறைபாடு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திடம் முதலில் பேசலாம்.

ஆனால் எதைக் கேட்பது என்பதில் நியாயமாக இருங்கள். சீல் தேய்ந்தது அவரால் இல்லை, 2007 மாடல் வண்டியில் அது தேயத்தான் செய்யும். பிரிக்கும் கூலி எப்படியும் உங்கள் தலையில் வந்திருக்கும். ஓட்டையை அடைத்ததால் கெட்டது கிளட்ச் பிளேட். எனவே நீங்கள் கேட்கக்கூடியது அந்த 4,500-உம் கிளட்ச் பிளேட்டின் விலையும். பில் தரவில்லை என்கிறீர்கள், போனில் அனுப்பிய பணத்துக்குப் பதிவு இருக்கிறதல்லவா, அதை எடுத்து வையுங்கள். எம்-சீலைத் தட்டுவதற்கு முன் போட்டோ எடுக்கச் சொன்னது இதற்குத்தான். பிரிக்கும்போது ஆயிலில் ஊறிய பிளேட்டையும் படம் எடுத்து, பழைய சாமானைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு முதலில் அவரிடமே நேரில் போங்கள். பக்கத்து ஊர்க்காரர், நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும். என் அனுபவத்தில் போட்டோவைக் காட்டினால் பத்தில் ஆறு பேர் பாதியாவது கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் எழுத்தில் ஒரு நோட்டீஸ், அப்புறம் ஆணையம். 4,500-க்காக எத்தனை நாள் வேலூருக்கு பஸ் ஏறுவது என்பது உங்கள் கணக்கு, அதில் நான் தலையிடமாட்டேன்.

சித்தூர் புரோக்கர்

அப்பாவின் யோசனையில் தப்பில்லை, நேரம்தான் தப்பு. ஒழுகிக்கொண்டு, கிளட்ச் வழுக்கிக்கொண்டு நிற்கும் வண்டிக்கு அவர் 1,10,000 கேட்கிறார் என்றால், அவருக்கு வேலை என்ன, செலவு என்ன என்று தெரியும், நம்மைவிட நன்றாகவே. சரிசெய்த வண்டியின் விலையை விசாரித்து, அதில் செலவைக் கழித்து, அவர் சொன்ன தொகையோடு ஒப்பிடுங்கள். அதன் பிறகும் விற்பது என்று முடிவானால் பிரேக் நிலைமையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆந்திராவுக்குப் போகும் வண்டிக்கு ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் வாங்குகிறவரின் பெயர் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் இரண்டு வருடம் அப்படியே ஓட்டுவார்கள், நடுவில் விபத்து ஆனால் சம்மன் ஆர்.சி.யில் பெயர் இருக்கும் உங்கள் அப்பாவுக்குத்தான் வரும்.

புது வண்டி வாங்க யோசித்தால், வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை மானியம் உண்டு, உச்சவரம்புக்கு உட்பட்டு. உங்கள் இரண்டரை ஏக்கரில் நீங்கள் சிறு, குறு விவசாயி வகையில் வருவீர்கள், தாசில்தார் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் இந்த வருட ஒதுக்கீட்டைக் கேளுங்கள். என்னைக் கேட்டால், கியர்பாக்ஸ் சத்தமில்லாமல் இருந்து, இன்ஜின் காலையில் ஒரே இழுப்பில் எடுக்கும் வண்டியை, மூன்று சீலும் ஒரு கிளட்ச் பிளேட்டும் காரணமாகச் சொல்லி நான் விற்கமாட்டேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஓட்டையைத் திறப்பது, பிரீதர், அட்டை, மூன்று சொட்டுத் தாள். நாலுக்கும் சேர்த்து நூறு ரூபாய் ஆகாது. அட்டையையும் தாளையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன். அட்டையில் வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் என்று ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். அதை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.